கழுவாத போத்தல்

ஜனார்த்தனின் கைபேசி அவனுடைய பெருவிரலை ஏற்க மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தவன் விரலை வைத்தான். கைபேசி மேசைப் பலகையில் உர்ரென்று ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி உர்ர். வெளியே பனி தள்ளும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போன சத்தத்துக்குள்ளும் அவன் மனைவி வேரோனிக்காவுக்கு அந்தச் சின்ன அதிர்வு தெளிவாகக் கேட்டது.

"கையில எண்ணெய் கிடக்குது போல."

"வடிவாக் கழுவிட்டுத்தானப்பா வந்தனான்."

அவன் சிரித்துக்கொண்டே இலக்கத்தை அழுத்தித் திறந்துவிட்டான். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வேரோனிக்காவுக்கு எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடுகிற வேலை அவளுக்கு. ஒரு புதுக் கன்றல், ஒரு சிராய்ப்பு அவள் கண்ணுக்குத் தப்பாது. "காட்டுங்கோ பாப்பம்" என்று கையைப் பிடித்து இழுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். விரல் நுனியில் ஒரு வரிகூட இல்லை. தேய்ந்த மாதிரியும் இல்லை, வெந்த மாதிரியும் இல்லை. வழுவழுவென்று, இப்போதுதான் செய்து வைத்த விரல் மாதிரி இருந்தது.

"வேலையில கையுறை போடுறனீங்களோ இல்லையோ?"

"போடாமல் உள்ள விடுவாங்களே? நீர் சும்மா பயப்பிடாதையும்."

பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. விமானத்துக்கும் மனித எலும்புக்கும் த்ரீடி பிரிண்டரில் பாகங்கள் செய்யும் கொம்பனிகள், பாவித்து மிஞ்சிய டைட்டேனியம் தூளை அங்கே அனுப்பும். ஒருமுறை பிரிண்டருக்குள் போய்வந்த தூள் கெட்டுப்போயிருக்கும். மணியோடு மணி ஒட்டி, முனை முனையாகி, மேலே ஒரு படலம் பிடித்துக் கிடக்கும். அதைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மாச் சுவாலைக்குள்ளால் விழுத்துவார்கள். மணிகள் உருகி, விழும்போதே உருண்டையாகி, கீழே வந்து சேரும்போது புதுத்தூள். குடும்பங்களை அழைத்துக் காட்டிய நாளில் அவன் இரண்டு கண்ணாடிக் குழாய்களைச் சரித்துக் காட்டினான். பழைய தூள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. புதியது தண்ணீர் மாதிரி ஓடியது. மகள் அட்சயா கைதட்டினாள்.

"இதுக்கு, தான் முந்தி எங்க கிடந்தது, என்ன பட்டது எண்டு ஒண்டும் ஞாபகமில்லை," என்று பெருமையோடு சொன்னான் ஜனார்த்தன்.

அவன் பொறுப்பெடுத்த இயந்திரம் கனநாள் சண்டித்தனம் பண்ணிவிட்டு, இலையுதிர் காலத்தில்தான் முதன்முதலாக நல்ல தூள் தந்தது. அதில் ஒரு சின்னப் போத்தல் நிறைய எடுத்துவந்து, ஊரில் முதல் நெல்லைக் கோயிலுக்குக் கொடுக்கிற மாதிரி, பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். "உதுகளை வீட்டை கொண்டுவரலாமே?" என்று வேரோனிக்கா பேசினாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சாமித்தட்டில் அவளும் கை வைப்பதில்லை. அவள் வேதக்காரி, அவளுடைய மாதா குசினி யன்னலில் இருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, அவன் சாமியை அவள் தொடுவதில்லை, அவள் மாதாவை அவன் தொடுவதில்லை. அதனால்தான் இத்தனை வருடம் சண்டை இல்லாமல் போனது.

விரலைப் பார்த்த அன்றைக்குப் பிறகு அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் குறைந்திருப்பது தெரிந்தது. வேலை முடிந்து வந்தால் அவன் மேலில் வரும் வியர்வையும் இரும்பும் நோவெண்ணெயும் கலந்த வாடை, அவள் எத்தனையோ தடவை மூக்கைச் சுளித்த அந்த வாடை, இப்போது இல்லை. கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள், கடையில் தொங்கும் துணியில்கூட ஏதோ மணக்கும், இதில் ஒன்றுமே மணக்கவில்லை. மாடிப்படியில் அவன் ஏறும்போது இடதுகால் கொஞ்சம் இழுபட்டு, மூன்றாவது படி முனகும். இப்போது படிகள் எல்லாம் ஒரே மாதிரி, மெத்தென்று, யாரோ அளந்து வைக்கிற மாதிரிச் சத்தம் போட்டன. குப்பை வண்டி தொட்டியைத் தூக்கித் தொம்மென்று போட்டால் திடுக்கிட்டு எழும்புகிறவன், இப்போது தேநீர்க் கோப்பையில் ஒரு சுழி விழாமல் உட்கார்ந்திருந்தான்.

நித்திரையும் கொண்டான். அதுதான் முதலில் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. ஊரில் கடைசி யுத்தத்தில், பதுங்கு குழி வாசலில், தம்பி ஜதுர்சன் அவன் மடியில் கிடந்து செத்துப்போனான். அதே ஷெல் துண்டுதான் இவன் இடது தோளையும் கிழித்தது. கலியாணம் கட்டிய நாள் முதல் அவன் நித்திரையில் அலறாத கிழமை இல்லை. தோள் குளிரில் நொந்தால் இருந்து அழுவான். இப்போது அலறல் இல்லை, அழுகை இல்லை. கர்த்தரே தோத்திரம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் காலையில் அவன் சட்டை மாற்றும்போது முதுகைக் கண்டாள்.

தழும்பு இல்லை. அவள் விரல் எத்தனையோ தடவை தடவிய, நண்டு மாதிரி அகலித்துக் கிடந்த தழும்பு. அந்த இடத்தில் வெறும் தோல்.

"தோளில காயம் எங்கையப்பா?"

"என்ன காயம்?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவனுக்கு இடது இமை துடிக்கும். அது துடிக்கவில்லை.

வேறு பெண் தொடர்போ, ஏதும் மருந்து குடிக்கிறானோ, யாராவது சாமியாரிடம் போகிறானோ என்று அவள் மனம் எல்லாத் திசையிலும் ஓடியது. சட்டைப் பையைத் துழாவினாள். காருக்குள் இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். வெட்கமாகவும் இருந்தது. அஜின்கோர்ட்டில் இருக்கிற அண்ணன் கிளிபோட்டுக்குக் கோல் எடுத்துச் சொன்னாள்.

"எடி, மனிசன் நல்லா நித்திரை கொள்ளுறான் எண்டு அழுற பெண்சாதியை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்று அவன் சிரித்தான். "விசரைப் பண்ணாமல் போய் வேலையைப் பார்."

சிரித்தால் சிரிக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கிழமை முடிவில் ஜனார்த்தன் சாமித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாலை நாலரைக்கே வெளியே இருட்டிவிட்டது. ஊதுபத்திப் புகை அசையாமல் நின்றது. பக்கத்துச் சுவரில் தொங்கிய படத்தை அவன் கழற்றி, துணியால் கண்ணாடியைத் துடைத்து, கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இஞ்சேரும். ஆர் உந்தப் பெடியன்? உம்மட சொந்தமே?"

ஜதுர்சனின் படம்.

அவள் கையிலிருந்த சீனிப் போத்தலைக் கீழே வைத்தாள். "உங்கட தம்பியப்பா," என்றாள். அவன் தலையாட்டினான். "ஓமோ? வடிவான பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் படத்தை நேராக மாட்டினான். பிறகு திருநீற்றுப் போத்தலை எடுத்து, மூன்று விரலைத் தோய்த்து, நெற்றியில் பூசினான்; அப்படியே சட்டைக்குள் கையை விட்டுத் தோளிலும் பெருவிரலால் தேய்த்தான். நோகிற இடத்தில் திருநீறு தேய்ப்பது அவன் வீட்டுப் பழக்கம். அதை அவள் எத்தனையோ முறை கண்டிருக்கிறாள். ஆனால் இன்றைக்குப் போத்தலை அவன் சரித்தபோது உள்ளே இருந்தது ஓடியது.

திருநீறு ஓடாது. ஒட்டும். குவியும். இது ஓடியது.

அவன் மேலே போகும்வரை காத்திருந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தத் தட்டில் கை வைத்தாள். பிள்ளையாருக்கு முன்னால் இருந்த தொழிற்சாலைப் போத்தல் காலி. திருநீற்றுப் போத்தல் நிறைந்து கிடந்தது. சரித்தாள். கொஞ்சம் கருத்த சாம்பல் நிறத் தூள் சத்தமே இல்லாமல் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, தட்டையாக நின்றது. குவியவேயில்லை.

மாடிக்கு ஓடினாள்.

"திருநீத்துக்குள்ள உங்கட தூளைப் போட்டனீங்களோ?"

"முடியப் பாத்துது, கலந்துவிட்டன். சாமிக்கு முன்னால இருந்ததுதானே, அதுவும் திருநீறுதான்." அவன் இதமாகச் சிரித்தான். "வேலையிலயும் அப்பிடித்தானே, பழசு குறைஞ்சால் புதுசு விட்டுக் கலக்கிறது. நல்லா இருக்கு, வேரோனி. ஒரு நோவும் இல்லை."

"பிள்ளைக்கும் பூசினீங்களோ?"

"பின்ன? தினமும் பூசித்தானே பள்ளிக்கூடம் விடுறனான்."

அவள் விடியமுன் வேலைக்குப் போய்விடுவாள். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, பஸ்ஸில் ஏற்றுவது அவன். பின்னேரம் அவள் வரும்போது அட்சயாவின் நெற்றியில் மங்கிப்போன சாம்பல் கோடு இருக்கும். அது கொஞ்சம் மினுங்குகிறதே என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததோடு விட்டுவிட்டாள், பாவி.

அட்சயாவின் அறைக்குள் போய் அவள் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். கோடையில் ரூஜ் பூங்காவில் சைக்கிளால் விழுந்து, தையல் போட்ட முழங்கால்.

சுத்தமாக இருந்தது.

"அப்பா நோகுது எண்டு திருநீறு பூசினவர், அம்மா. இட் வென்ட் அவே."

"சைக்கிளால விழுந்தது ஞாபகம் இருக்கே, செல்லம்?"

பிள்ளை யோசித்தது. "எனக்கு சைக்கிள் இருக்கா?"

வேரோனிக்கா பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதுக்குப் பின்னால் தேடினாள். மச்சம் இருந்தது. பிறந்த அன்று தாதி கையில் தந்தபோது அவள் முதலில் கண்ட மச்சம். இருந்தது. கடவுளே, இருந்தது. போனது முழங்கால் மட்டும்தான். சைக்கிள் போகட்டும், திரும்பப் பழக்கலாம். என்னைத் தெரியும் என் பிள்ளைக்கு. அது போதும்.

அன்றிரவே திருநீற்றுப் போத்தலைத் தன் அலுமாரிக்குள் ஒளித்துவைத்தாள். அடுத்தநாள் வேலையால் வரும் வழியில் தமிழ்க்கடையில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் அவள் கழுத்துச் சிலுவையையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் யாரும் இல்லை. ஒளித்துவைத்த போத்தலை எடுத்து, ஒரு பையைப் பிடித்துக் கவிழ்த்தாள். தூள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தட்டித் தட்டிக் கொட்டினாள். கழுவுவோம் என்று தொட்டியடிக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். விடியமுன் சமைக்கும்போது அதே தொட்டியில்தான் கணவாய் மீன் வெட்டிக் கழுவியிருந்தாள். வாடை இன்னும் கிடந்தது. அது அவன் சாமிப் போத்தல். அவனுடைய தாய் ஊரிலிருந்து கொடுத்துவிட்டது. மீன் கழுவிய தொட்டியில், வேதக்காரி கையால், அதைப் போட்டு உரசுவதா? அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லைதானே என்று, இன்னும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, புதுத் திருநீற்றைக் கொட்டி மூடினாள். போத்தலைச் சரித்துப் பார்த்தாள். ஒட்டியது. குவிந்தது. வெள்ளையாக, நல்ல பிள்ளையாக இருந்தது. அதைச் சாமித்தட்டில் திரும்ப வைத்துவிட்டு, பையை இறுகக் கட்டிக் குப்பையில் போட்டாள்.

ஜனார்த்தன் வித்தியாசம் காணவில்லை. அவனும் மேலதிகமாக எதையும் மறக்கவில்லை என்றே பட்டது. கேட்டால் பதில் சொன்னான், வேலைக்குப் போய்வந்தான், இன்னும் ஒன்றும் மணக்கவில்லை, ஆனாலும் போன சாமான் போகட்டும், இருக்கிறதைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவள் மூச்சு விட்டாள். அட்சயாவின் மச்சத்தை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் அட்சயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சுருண்டு அழுதாள். ஓமத்தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. ஜனார்த்தன் மாடியில் இருந்தான்.

"திருநீறு பூசுங்கோ அம்மா. அப்பா பூசுறது. தொப்புளில."

அவள் தயங்கவில்லை. புதுத் திருநீறு, தன் கையால் வாங்கியது, தன் கையால் நிரப்பியது. அதில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. பிள்ளை தன்னிடம் கேட்டதே. போத்தலை எடுத்துவந்து, பெருவிரலைத் தோய்த்து, சட்டையை உயர்த்தி, அந்தச் சின்னத் தொப்புளில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். இந்த இடத்தில்தானே நானும் நீயும் ஒட்டியிருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். தூள் விரலுக்கடியில் மெத்தென்று, குளிர்ந்து, எப்படியோ தன்பாட்டில் நகர்ந்தது. பிள்ளையின் முனகல் அடங்கியது. நித்திரையானாள். வேரோனிக்கா போர்வையை இழுத்து மூடிவிட்டுக் குசினிக்குள் போய்க் கஞ்சிக்கு அரிசி கழுவினாள்.

படியில் சத்தம். மெத். மெத். மெத்.

ஜனார்த்தன் குசினி வாசலில் வந்து நின்றான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வெட்கத்தோடு சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டான்.

"வாங்கோ, வாங்கோ. எப்ப வந்தனீங்கள்? நான் கவனிக்கேல்லை. இருங்கோ, ரீ போடுறன்."

அவள் குழாயை மூடினாள்.

"சீனி போடுறனீங்களோ?"

பன்னிரண்டு வருடம். இந்த மனுசன் அவளை ஒருநாளும் 'நீங்கள்' என்றதில்லை. அவன் கோப்பையைத் தேடினான். எந்த அலுமாரி என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்தான். கதவுகள் கிறீச்சிட்டன. அவன் நெற்றியில் திருநீறு மினுங்கியது.

வெள்ளையாக இல்லை. கருஞ்சாம்பல்.

அவள் சோபாவடிக்கு ஓடினாள். போத்தல் அங்கேயே இருந்தது. எடுத்தாள். சரித்தாள்.

ஓடியது.

கழுவாத போத்தல். வேறு தூள் ஒரு மணி கிடந்தாலும் முழுவதும் கெட்டுவிடும், ஏனத்தைக் கழுவாமல் புதுசு போடுகிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவாங்கள் என்று அவன் எத்தனை தடவை சாப்பாட்டு மேசையில் சொல்லியிருப்பான். அவள் எத்தனை தடவை 'ஓம் ஓம்' என்றிருப்பாள்.

பிள்ளையைப் போர்வையோடு தூக்கினாள். செருப்பில்லை, குளிர்ச்சட்டை இல்லை. வாசல். பனி. கார். பின் இருக்கையில் கிடத்தி, பட்டியைப் பூட்டி, கதவைச் சாத்தி, முன்னால் ஏறிப் பூட்டைப் போட்டாள். கிளிபோட் அண்ணைக்கு எடுக்க வேண்டும். இப்ப சிரிக்க மாட்டான். கைபேசியை எடுத்தாள். பெருவிரலை வைத்தாள்.

உர்ர்.

குளிரில் விரல் விறைத்திருக்கும். ஊதினாள். பாவாடையில் தேய்த்தாள். வைத்தாள்.

உர்ர்.

காருக்குள் விளக்கைப் போட்டாள். விரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

வரி இல்லை.

இந்த விரலால்தான் தேய்த்தாள்.

கால் இருக்கையில் இடிபட, பின்னால் திரும்பிக் கையை நீட்டிப் போர்வையை விலக்கினாள். பிள்ளையின் சட்டையை உயர்த்தினாள். விளக்கு வெளிச்சம் வயிற்றில் விழுந்து, தடங்கலில்லாமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. வட்டமான, வழுவழுப்பான, சின்ன வயிறு. நடுவில் ஒன்றும் இல்லை. குழி இல்லை. முடிச்சு இல்லை. யாருடைய வயிற்றிலும் ஒருநாளும் ஒட்டியிருக்காத தோல்.

அவளுடைய சொந்த வயிற்றில், பிள்ளையை வெட்டி எடுத்த தழும்பு, குளிருக்குச் சுள்ளென்று நொந்தது.

வீட்டு யன்னலில் ஜனார்த்தன் திரையை விலக்கிக்கொண்டு நின்றான். விருந்தாட்களை வழியனுப்புகிற மாதிரிக் கையசைத்தான்.

அட்சயா கண் விழித்தாள். சுற்றிலும் பார்த்தாள். தன் வயிற்றின் மேல் கிடந்த கையைப் பார்த்தாள். பிறகு, பெரியவர்களோடு மரியாதையாகக் கதைக்க வேண்டும் என்று வேரோனிக்காவே பழக்கிவிட்ட மெல்லிய குரலில் கேட்டாள்.

"அன்ரி, என்ர அம்மா எங்க?"